‘டிசி எங்கே?’ என்று கேட்டால் என்ன சொல்வது?

கேள்வி: எங்கள் மகளை ஐந்தாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டோம். வருகிற மார்கழியில் பதினைந்து முடிகிறது. வீட்டில்தான் படிக்கிறாள். தமிழும் அறிவியலும் தானாகவே படிப்பாள், கணக்கை இரண்டு வருடமாகத் தொடவில்லை. பறவை பார்ப்பதுதான் அவளுக்கு உயிர். கல்லூரியில் விலங்கியலோ தாவரவியலோ படிக்க வேண்டும் என்கிறாள். ‘எந்த காலேஜ் சேர்ப்பான், டிசி கேட்டா எதைக் காட்டுவீங்க, நீட் எழுதக்கூட விடமாட்டாங்க’ என்று என் நாத்தனார் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அரசு வேலைக்கு வழியில்லாமல் போய்விடுமோ என்று கணவருக்குப் பயம். நாங்கள் செய்தது சட்டப்படி தப்பா? திறந்தநிலைப் பள்ளியா, மாநில அரசின் தனித்தேர்வா? பேசாமல் பதினொன்றாம் வகுப்புக்குப் பள்ளியில் சேர்த்துவிடலாமா? அவளுடைய நோட்டில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். கல்லூரியில் காட்ட இதையெல்லாம் அழகாகத் திருப்பி எழுதச் சொல்லட்டுமா?
— ஒரு தாய், திருவண்ணாமலை மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

முதலில் நீங்கள் தூங்க வேண்டும். அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் கல்லூரியில் சேரலாம். அரசுக் கல்லூரி, தனியார் கல்லூரி, மத்தியப் பல்கலைக்கழகம் என்று எதன் கதவும் அவள் வீட்டில் படித்தாள் என்பதற்காக மூடாது. ஆனால் கையில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு இரண்டுக்கும் அங்கீகாரம் பெற்ற வாரியத்தின் சான்றிதழ் இருக்க வேண்டும். எங்கே படித்தாள் என்று கேட்பவர்கள் குறைவு, எந்த வாரியம் என்றுதான் கேட்பார்கள். வாரியத்துக்கு வழி இருக்கிறது, உங்களுக்குப் போதுமான காலமும் இருக்கிறது.

நான் இருபது வருடத்துக்கும் மேல் ஒரு கலைக்கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் வேலை பார்த்தவள். இப்போது மாணவர்களுக்கு வழிகாட்டும் வேலை செய்கிறேன். அந்தச் சேர்க்கைப் பிரிவில் நடந்த ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும், இன்னும் என் மனசை அரிக்கிற ஒன்று. ஒரு ஜூன் மாதம், ஈரோடு பக்கமிருந்து ஒரு அம்மாவும் பையனும் வந்தார்கள். பையன் வீட்டில் படித்து, திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாவது முடித்தவன், நல்ல மதிப்பெண். மஞ்சப்பையிலிருந்து ஒவ்வொரு தாளாக எடுத்து மேசையில் வைத்தார் அந்த அம்மா. மதிப்பெண் பட்டியலில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், ஆதாரில் இனிஷியல் முன்னால், சாதிச் சான்றிதழில் பையன் பெயரில் ஒரு எழுத்தே வேறு. மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினோம். சொன்னது நான்தான். அவர்கள் தாலுகா அலுவலகத்துக்கும் இ-சேவை மையத்துக்கும் அலைந்து திரும்பி வந்தபோது அந்தப் பாடப்பிரிவில் இடம் முடிந்திருந்தது. நீ ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று அன்று யாரும் அந்தப் பையனைக் கேட்கவே இல்லை. ஒரு எழுத்து அவனை ஒரு வருடம் உட்கார வைத்தது.

அதனால் நாத்தனார் கேட்ட கேள்விக்கு முன்னால் நீங்கள் கவனிக்க வேண்டியது பிறப்புச் சான்றிதழை. நாளை காலையே எடுத்துப் பாருங்கள். நம் ஊர்களில் பல பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே இருக்காது, ‘பெண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும், பெயர் வைப்பதற்கு முன்னாலேயே பதிந்திருப்பார்கள். அப்படி இருந்தால் பெயரைச் சேர்க்க, பிறப்பைப் பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டுகள்தான் அவகாசம். முதல் 12 மாதம் கட்டணம் இல்லை, அதற்கப்புறம் தாமதக் கட்டணம். உங்கள் மகளுக்கு மார்கழியில் பதினைந்து முடிகிறது என்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன். பெயர் ஏற்கெனவே இருந்தால் நல்லது. அந்தச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்தில், அதே இனிஷியலோடு ஆதார், சாதிச் சான்றிதழ் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும். இல்லாவிட்டால் இப்போதே சரிசெய்துவிட்டு, அப்புறம்தான் பத்தாம் வகுப்புக்குப் பதிய வேண்டும். ஏனென்றால் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறுகிற பெயர்தான் வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும்.

அடுத்து அந்த ஐந்தாம் வகுப்புப் பள்ளியின் ரெக்கார்டு ஷீட், அதாவது அங்கே படித்தாள் என்பதற்கான சான்று. வாங்கி வைத்திருக்கிறீர்களா? பலர் பிள்ளையை நிறுத்தியதோடு சரி, கோபத்திலோ சங்கடத்திலோ திரும்பிப் போகவே மாட்டார்கள். போய்த் தலைமை ஆசிரியரைப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள், அரசின் மாணவர் பதிவேட்டில் அவளுக்கு இருக்கும் எமிஸ் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இது எங்கேயும் கட்டாயமாகத் தேவைப்படும் என்று சொல்லவில்லை, ஆனால் எங்காவது யாராவது கேட்டால் உங்கள் கையில் இருக்கட்டும்.

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்கிறது. ஆனால் அதில் வரும் ‘கட்டாயம்’ என்ற சொல்லை அந்தச் சட்டமே 8-ஆம் பிரிவில் அரசின் கடமை என்றுதான் விளக்குகிறது. உங்கள் மகள் அந்த வயதையும் தாண்டிவிட்டாள். இதை நினைத்து இனி ஒரு நிமிடம்கூடக் கவலைப்பட வேண்டாம்.

திறந்தநிலைப் பள்ளியா, தனித்தேர்வா? உங்கள் மகளுக்கு என் தேர்வு என்ஐஓஎஸ் என்கிற தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம்தான். 1989-இல் தொடங்கியது, மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்குவது, சென்னையில் அதற்கு மண்டல மையம் உண்டு. பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது முடிந்திருந்தால் போதும். எட்டாவது படித்த சான்றிதழ் இல்லாவிட்டாலும், இந்தப் படிப்பைப் படிக்கும் அளவுக்கு நான் படித்திருக்கிறேன் என்று தானே எழுதித் தரும் உறுதிமொழியை ஏற்றுக்கொள்கிறார்கள். இது உங்கள் வீட்டுக்கு எவ்வளவு பெரிய கதவு என்று பாருங்கள். ஐந்தாவதுக்கு மேல் ஒரு தாளும் கையில் இல்லாத பிள்ளை நேராகப் பத்தாவதுக்குள் நுழைகிறாள். பதிவு செய்தால் ஐந்து ஆண்டு செல்லும், அதற்குள் ஒன்பது முறை தேர்வு எழுதலாம். ஒரு பாடத்தில் தேறினால் அந்த மதிப்பெண் அப்படியே இருக்கும், மற்றதை அடுத்த முறை எழுதலாம்.

மாநில அரசின் தனித்தேர்வும் மதிப்பான வழிதான், பதினான்கரை வயது முடிந்தவர்கள் பத்தாம் வகுப்பை நேரடியாக எழுதலாம். வணிகவியல், வரலாறு பக்கம் போகிற பிள்ளை என்றால் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் உங்கள் மகளுக்குப் பன்னிரண்டாவதில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும், மூன்றுக்கும் செய்முறை உண்டு. பள்ளியில் படிக்காமல் தனித்தேர்வராக வருகிறவர்களுக்கு அந்தச் செய்முறைதான் பெரிய சிக்கல். என்ஐஓஎஸ்ஸில் படிப்பு மையத்தை ஒட்டியே செய்முறையை முடித்துவிடலாம். மையத்தைத் தேர்வு செய்யும்போது மட்டும் ஒரு காரியம் செய்யுங்கள், பதிவதற்கு முன்னால் நேரில் போய் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். நுண்ணோக்கி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறதா, மேசை மேல் இருக்கிறதா என்று பாருங்கள். பறவையைத் தேடிக் காடு மேடு அலைகிற பெண், செய்முறை நோட்டைப் பார்த்து எழுதி மதிப்பெண் வாங்கக் கூடாது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. ‘மூன்றே மாதத்தில் பத்தாவது பன்னிரண்டாவது, தேர்ச்சி நிச்சயம்’ என்று பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருப்பார்கள், வாட்ஸ்ஆப்பிலும் வரும். அந்தப் பக்கமே போகாதீர்கள். என்ஐஓஎஸ்ஸின் விதிப்படி பத்தாவது தேறியதற்கும் பன்னிரண்டாவது முடிப்பதற்கும் இடையில் இரண்டு வருடம் இருக்க வேண்டும், ஒரு வருடம் கழிந்ததும் சில பாடங்களை எழுதி வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதைவிட வேகமாக ஒருவர் தருகிறேன் என்றால் அவர் தருவது வெறும் காகிதம். இணையத்தில் நீங்களே நேராகப் பதியலாம், தரகர் யாரும் தேவையில்லை.

எப்போது எழுத வைப்பது என்பதில்தான் வீட்டுக் கல்விப் பெற்றோர் நிறைய பேர் சறுக்குகிறார்கள். என்ஐஓஎஸ் பொதுத்தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல்-மே ஒன்று, அக்டோபர்-நவம்பர் ஒன்று. எல்லோரும் பள்ளிப் பழக்கத்தில் ஏப்ரலைத்தான் பிடிக்கிறார்கள். ஆனால் நம் மாநிலப் பிளஸ் டூ முடிவு மே மாதத் தொடக்கத்திலேயே வந்துவிடும், அதை ஒட்டியே அரசு கலைக்கல்லூரிகளின் இணைய விண்ணப்பமும் தொடங்கிவிடும். ஏப்ரலில் எழுதிய என்ஐஓஎஸ் பிள்ளைக்கு மதிப்பெண் வருவதற்குள் ஜூன் ஆகிவிடும். மதிப்பெண்ணே இல்லாமல் எந்தக் கட்டத்தை நிரப்புவது? நான் பார்த்த வரை, நல்ல பிள்ளைகள் இடத்தைக் கோட்டை விட்டது அறிவுக் குறைவால் இல்லை, இந்த ஐந்தாறு வாரத்தால்.

அதனால் அக்டோபரைப் பிடியுங்கள். அடுத்த வருடம் அக்டோபரில் பத்தாவது, அதிலிருந்து இரண்டு வருடம் கழித்து அக்டோபரில் பன்னிரண்டாவதின் கடைசிப் பாடம். அதற்கடுத்த மே மாதம் கல்லூரி விண்ணப்பம் திறக்கும்போது மதிப்பெண் பட்டியல் உங்கள் பீரோவில் பல மாதமாக இருக்கும். கூடப் படித்த பிள்ளைகளைவிட ஒரு வருடம் பிந்துவாள், ஆமாம். கணக்கை இரண்டு வருடமாகத் தொடாத பெண்ணுக்கு அந்த ஒரு வருடம் தேவை. அந்த வருடத்தை நான் நஷ்டக் கணக்கில் எழுத மாட்டேன்.

கணக்கு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். என்ஐஓஎஸ்ஸில் ஒரு மொழி உட்பட ஐந்து பாடம் போதும், கணக்கு எடுக்காமலேயே பத்தாவது தேறிவிடலாம். மகளிடம் இதைச் சொன்னால் துள்ளிக் குதிப்பாள். ஆனாலும் எடுக்கச் சொல்லுங்கள். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல், இந்த ஐந்தும். பத்தாவதில் கணிதம் இருக்கிறதா என்று பின்னால் பல இடத்தில் பார்ப்பார்கள். ஐஐடி மெட்ராஸ் ஜேஇஇ என்கிற நுழைவுத் தேர்வு இல்லாமல் சேர்க்கும் இணையவழி பிஎஸ் பட்டம் ஒன்று இருக்கிறது, தரவு அறிவியலில் 2020-இல் அறிவித்தது. அதற்குக்கூடப் பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு அது வேண்டாம், சரி. ஆனால் பறவை ஆராய்ச்சி என்பது கடைசியில் எண்ணிக்கையும் விகிதமும் வரைபடமும்தான். போன வருடம் ஏரியில் எத்தனை நாமக்கோழி, இந்த வருடம் எத்தனை, எத்தனை சதவீதம் குறைந்தது என்று அவளுடைய நோட்டை வைத்தே சதவீதத்தைத் தொடங்குங்கள். புத்தகத்தின் முதல் பாடத்திலிருந்து தொடங்கினால் திரும்பவும் மூடி வைத்துவிடுவாள்.

பன்னிரண்டாவதில் ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், உயிரியல், இவற்றோடு முடிந்தால் கணிதம். கூடுதலாக இரண்டு பாடம் வரை எடுக்கலாம் என்பதால் தமிழையும் விடாதீர்கள். இந்தத் தொகுப்பு இருந்தால் நீட்டும் எழுதலாம். நாத்தனார் சொன்னது முன்பு உண்மையாக இருந்தது. திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்களையும் தனித்தேர்வர்களையும் மருத்துவ நுழைவுத் தேர்விலிருந்து தள்ளி வைக்கும் விதி இருந்தது. 2018-இல் தில்லி உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அங்கீகாரம் பெற்ற திறந்தநிலைப் பள்ளி மாணவர்கள் நீட் எழுதலாம் என்று தெளிவாக்கிவிட்டது. அவரிடம் சண்டை போட வேண்டாம், இதை மட்டும் சொல்லுங்கள்.

இப்போது டிசி. என்ஐஓஎஸ்ஸில் தேறும்போது மதிப்பெண் பட்டியலோடு, இடப்பெயர்வும் மாற்றுச் சான்றிதழும் சேர்ந்த ஒரே சான்றிதழைத் தருவார்கள். அதுதான் அவளுடைய டிசி. கல்லூரியில் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு கதை சொல்ல வேண்டியதில்லை, அதை நீட்டினால் போதும். உங்கள் மாவட்டத்துக் கல்லூரிகள் வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருப்பவை. வேறு வாரியத்திலிருந்து வருகிறவர்களிடம் பல்கலைக்கழகத்தின் தகுதிச் சான்றிதழ் வாங்கி வரச் சொல்வது வழக்கம். அப்படிச் சொன்னால் பதறாதீர்கள், உங்கள் மகளைத் தடுக்க அப்படிச் சொல்வதில்லை, வேறு மாநில வாரியத்தில் படித்த பிள்ளையிடமும் கேட்பார்கள். நன்னடத்தைச் சான்று கேட்டால் படிப்பு மையத்தின் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொறியியல் கலந்தாய்வு மாதிரியானவற்றில், எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டுப் பள்ளியில் படிக்காதவர்கள் இருப்பிடச் சான்று தர வேண்டியிருக்கும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும், ஏப்ரலுக்கு முன்பே வாங்கிவிடுங்கள், மே மாதம் அந்த அலுவலகத்தில் நிற்க இடம் இருக்காது.

சில இழப்புகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மருத்துவம், பொறியியல் மாதிரியான படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உங்கள் மகளுக்குக் கிடைக்காது. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதால், இப்போது பதினொன்றாவதில் கொண்டுபோய்ச் சேர்த்தாலும் கிடைக்காது. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும் அப்படித்தான். டிஎன்பிஎஸ்சி வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீடும், முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் பயின்றதற்குச் சான்று கேட்பதால், கைக்கு எட்டுவது கடினம். சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டுக்கு ஒரு குறையும் வராது. அது தாசில்தார் தரும் சான்றிதழைப் பொறுத்தது, பள்ளியைப் பொறுத்தது இல்லை.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். அரசு வேலைக்குத் தமிழ்நாட்டில் பார்ப்பது பத்தாவது வரை பத்து வருடம், அப்புறம் பன்னிரண்டாவதுக்கு இரண்டு, அப்புறம் பட்டத்துக்கு மூன்று என்ற வரிசையை. 2009-இல் இதற்கென்றே அரசாணை வந்தது. அந்த வரிசை கலையாமல் இருந்தால் போதும். வரிசையைக் கலைப்பது எது என்றால், பன்னிரண்டாவது எதற்கு, நேராகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கிவிடலாம் என்று சிலர் காட்டும் குறுக்குவழி. அப்படிப் பட்டம் வாங்கிவிட்டு, பணி நியமனத்தின்போது சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றுபோனவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு அந்த வழி வேண்டவே வேண்டாம். பத்து, பன்னிரண்டு, அதற்குப் பிறகு விலங்கியலிலோ தாவரவியலிலோ பட்டம் என்று போனால், யுபிஎஸ்சி நடத்தும் இந்திய வனப்பணித் தேர்வுக்கே அவளுக்குத் தகுதி உண்டு. அப்பாவுக்கு அதை நினைத்து நிம்மதி வரட்டும்.

பதினொன்றாவதுக்குப் பள்ளியில் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்வதைவிட அவள் சொல்வதுதான் முறை. அவளாகவே நண்பர்கள் வேண்டும், ஆய்வகம் வேண்டும் என்று கேட்டால் சேருங்கள், பத்தாவது சான்றிதழை வைத்து அது முடியும். டிசிக்குப் பயந்து மட்டும் சேர்க்காதீர்கள். அந்தப் பயத்துக்கு மேலேயே பதில் சொல்லிவிட்டேன்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் நான் வலியுறுத்துவேன். உங்கள் மகளை மூன்று மணி நேரம் உட்கார்ந்து கையால் எழுத வையுங்கள். வீட்டில் படித்த பிள்ளைகள் நன்றாகப் பேசுவார்கள், ஆழமாகப் படித்திருப்பார்கள், கேள்வித்தாளைப் பார்த்ததும் எல்லாம் தெரியும் என்று சிரிப்பார்கள். முக்கால் மணி நேரம் ஆனதும் கை வலிக்கும். எழுதிப் பழகாத கை. இரண்டு மதிப்பெண் கேள்விக்கு இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசி மூன்று கேள்வியைத் தொடாமல் எழுந்து வருவார்கள். ஒரு பெண் தேர்வு முடிந்து வெளியே வந்து, ‘ஆன்ட்டி, பாதிதான் எழுத முடிஞ்சுது, ஆனா எல்லாம் தெரியும்’ என்று அழுதாள், அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய கேள்வித்தாள், கடிகாரம், சாப்பாட்டு மேசை. நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டாம். முதல் இரண்டு மாதம் ஒரு மணி நேரம், அப்புறம் இரண்டு, அப்புறம் மூன்று. என்ஐஓஎஸ்ஸில் வீட்டிலிருந்து எழுதித் தரும் ஒப்படைப்புகளுக்கு 20 சதவீதம் உண்டு, அதையும் மையத்தில் யாரோ எழுதிக் கொடுப்பதை வாங்கி வைக்காமல் அவளே எழுதட்டும்.

எங்கே சேர்ப்பது? பக்கத்திலேயே திருவண்ணாமலை அரசு கலைக்கல்லூரி இருக்கிறது, செலவு குறைவு. ஆனால் காட்டுயிர்மேல் இவ்வளவு ஆசை உள்ள பெண் என்பதால் இரண்டு இடத்தைக் கூடுதலாகச் சொல்கிறேன். உதகை அரசு கலைக்கல்லூரியில் விலங்கியலோடு காட்டுயிர் உயிரியலும் சொல்லித் தரும் துறை இருக்கிறது. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியும் காட்டுயிர் உயிரியலுக்குப் பெயர் பெற்றது, முதுகலைக்கு அங்கே போகலாம். படிப்பில் பிடிப்பு வந்துவிட்டது என்றால் திருப்பதி ஐசர், மத்திய அரசின் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம். அதன் நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலும் பதினைந்து பதினைந்து கேள்வி. கணக்கை விடாதே என்று நான் நச்சரித்ததற்கு இதுவும் ஒரு காரணம். புதுச்சேரி பல்கலைக்கழகத்துக்கும் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் கியூட் என்கிற பொது நுழைவுத் தேர்வு, என்ஐஓஎஸ் பிள்ளைகள் தாராளமாக எழுதலாம்.

பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தை அவளிடம் தனியாகச் சொல்லுங்கள். அங்கே உயிரியல் பட்டப்படிப்பு இருக்கிறது, சொந்த நுழைவுத் தேர்வும் நேர்காணலும் வைத்துச் சேர்க்கிறார்கள், குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டண உதவியும் செய்கிறார்கள். மதிப்பெண்ணுக்கு அப்பால் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுகிற இடம் என்பதால் வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது பொருந்தும்.

பத்தாவது பன்னிரண்டாவது இரண்டுமே இல்லாமல் அமெரிக்காவின் எம்ஐடிக்குப் போன மும்பைப் பெண்ணைப் பற்றி உங்களிடம் யாராவது நிச்சயம் சொல்லியிருப்பார்கள். உண்மைதான், 2016-இல் செய்தித்தாள்களில் எல்லாம் வந்தது. ஆனால் அந்தப் பெண்ணிடம் கணினி நிரல் எழுதும் போட்டியான சர்வதேசத் தகவலியல் ஒலிம்பியாட்டில் வாங்கிய மூன்று பதக்கங்கள் இருந்தன. அதற்கு முன்பே நம் சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகம் எம்எஸ்சி அளவிலான பாடங்களைப் படிக்க இடம் கொடுத்திருந்தது. அப்படியிருந்தும் பன்னிரண்டாவது இல்லாததால் ஐஐடி வழி அடைத்தே இருந்தது. அதைக் கேட்டு மகிழுங்கள், அதை நம்பித் தேர்வைத் தள்ளிப் போடாதீர்கள்.

கடைசியாக அந்த நோட்டு. படத்தைப் பெரிதாக்கிப் பலமுறை பார்த்தேன். ‘காலை 6.10. கிணற்றடி வேம்பு. தையல்சிட்டு, ஒன்றுதான். பருத்திப் பஞ்சை இழுத்துப் போனது. கூடு எங்கே?’ என்று எழுதி, கூடு என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறாள். ஐந்து நாள் கழித்து, அதே பக்கத்தின் ஓரத்தில், வேறு மையில், ‘நுணா மரம், இடுப்பு உயரம், இரண்டு இலை’ என்று இருக்கிறது. கூட்டைக் கண்டுபிடித்துவிட்டாள்! நேர்காணல் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு இந்த ஓரக் குறிப்புதான் முக்கியம். கேட்டாள், காத்திருந்தாள், திரும்பிப் போய்ப் பார்த்தாள். அழகாகத் திருப்பி எழுதினால் இரண்டு மையும் ஒரே மையாகிவிடும், அந்த ஐந்து நாள் காணாமல் போய்விடும். திருப்பி எழுதச் சொல்லாதீர்கள். சேற்றுக் கறை இருந்தால் இருக்கட்டும்.

அதற்குப் பதிலாக இரண்டு வேலை கொடுங்கள். பார்ப்பதையெல்லாம், பறவை பார்ப்பவர்கள் குறிப்புகளைப் பதியும் இ-பேர்ட் இணையதளத்திலும் அவளே ஏற்றட்டும், தேதியும் இடமும் அங்கே தானாகப் பதிவாகும், அம்மா எழுதிக் கொடுத்தது என்று யாரும் சொல்ல முடியாது. 2015-இலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, வருகிற தையில் அவளை அதில் கலந்துகொள்ளச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்தே எண்ணலாம், ஆனால் ஊர் ஏரிக்குப் போனால் அவளைப் போன்ற நாலு பேரைப் பார்ப்பாள். அவளைப் பற்றி நாளைக்கு ஒரு கடிதம் எழுதித் தரக்கூடிய, உங்கள் குடும்பத்தைச் சேராத ஒரு ஆசிரியரோ ஆராய்ச்சியாளரோ அங்கேதான் அறிமுகமாவார்.

பிறப்புச் சான்றிதழில் பெயர் இருந்ததா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.